பெட்ரோல் ஆவி அழுத்த சென்சாரின் பழுது: மாற்றுமுன் அளந்து பார்க்கும் முறை

பெட்ரோல் காரோ, பெட்ரோலில் ஓடும் சிறு சுமை வண்டியோ வைத்திருக்கும் மிராசுதார்கள் சிலருக்கு இது நேர்ந்திருக்கக்கூடும். வண்டி நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். இழுவையில் குறைவிராது. பெட்ரோல் செலவும் கூடியிராது. ஆயினும் ஓட்டுபவருக்கு முன்னுள்ள பலகையில், இஞ்சின் வடிவம் கொண்ட மஞ்சள் விளக்கொன்று எரிந்தபடியே இருக்கும். பட்டறைக்குக் கொண்டுபோனால், ஒரு சிறு கருவியை வண்டியில் மாட்டிப் பார்த்துவிட்டு, பெட்ரோல் டாங்கியின் அழுத்த சென்சார் கெட்டுவிட்டதென்றும் அதை மாற்றவேண்டுமென்றும் சொல்வார்கள். டாங்கியை இறக்கி, புதுச் சென்சார் வைத்து, கூலியும் கொடுத்து வீடு திரும்பிய சில நாட்களில் அதே விளக்கு மறுபடியும் எரியத் தொடங்கும். இவ்வித வீண் செலவு எதனால் ஏற்படுகிறதென்பதையும், அதைத் தவிர்க்கும் வழியையும் இங்கு விளக்குவோம்.

முதலில் ஒரு விஷயத்தை மனத்தில் கொள்ளவேண்டும். சென்சாரிலிருந்து வந்து சேரும் செய்தி நம்பத்தக்கதாயில்லை என்பதுதான் அவ்விளக்கின் பொருள். சென்சார் கெட்டுவிட்டது என்பது அதன் பொருளன்று. சென்சாருக்குப் போகும் கம்பி அறுந்திருந்தாலும், இணைப்பில் களிம்பு ஏறியிருந்தாலும், டாங்கிக்குள் அழுத்தம் உண்மையாகவே மிஞ்சியிருந்தாலும் அதே விளக்கு எரியும். இவற்றில் எது காரணம் என்பதை அளந்து பார்த்தாலன்றி அறிய இயலாது.

ஆவியை அடைத்து வைப்பதன் காரணம்

பெட்ரோல் எளிதில் ஆவியாகும் எண்ணெய். வெயிலில் நிற்கும் வண்டியின் டாங்கியிலிருந்து, இஞ்சின் ஓடாத நேரத்திலும், ஆவி கிளம்பிக்கொண்டே இருக்கும். அது வெளியே போவதால் உடையவனுக்குப் பண நஷ்டம் ஏற்படுகிறது. ஆனால் கேடு அதனோடு நிற்பதில்லை.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து லாஸ் ஏஞ்சலஸ் நகரைச் சுற்றியுள்ள தோட்டங்களில், 1940-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் கீரை வகைகள் ஒரு புது நோயால் பாழாயின. இலைகளின் அடிப்புறம் வெள்ளி பூசினாற்போல் மின்னி, பின்னர் பழுப்பேறியது. பூச்சியோ பூஞ்சையோ அதற்குக் காரணமாயிருக்கவில்லை. அங்குள்ள கால்டெக் கலாசாலையில் அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துவந்த ஹாகன் ஸ்மிட் என்னும் ரசாயன அறிஞர் இதை ஆராயத் தொடங்கினார். பெட்ரோல் ஆவியும், இஞ்சின் புகையிலுள்ள நைட்ரஜன் வாயுக்களும் சூரிய ஒளியில் கலந்து ஓசோன் முதலிய கடுமையான வாயுக்களாக மாறுகின்றன என்றும், இலைகளைக் கெடுப்பவை அவ்வாயுக்களே என்றும் 1950-ஐ அடுத்த ஆண்டுகளில் அவர் காட்டினார். மனிதருடைய கண்ணையும் சுவாசத்தையும் வருத்துபவையும் அவையே. மோட்டார்களின் ஆவியைக் கட்டுப்படுத்தும் சட்டங்களுக்கு இவ்வாராய்ச்சி ஓர் அடிப்படை. கலிபோர்னியாவில் 1970-ஆம் வருஷத்து மாடல்கள் முதலும், அமெரிக்கா முழுவதும் 1971-ஆம் வருஷத்து மாடல்கள் முதலும் கார்களில் ஆவியை அடைத்து வைக்கும் அமைப்பு கட்டாயமாயிற்று. 1996-ஆம் வருஷத்து மாடல்கள் முதல், அங்கு விற்கும் எல்லாக் கார்களும் தம் பழுதைத் தாமே சோதித்தறியும் கம்ப்யூட்டரைக் கொண்டிருக்கவேண்டுமென்று விதிக்கப்பட்டது. டாங்கி அழுத்த சென்சார் பெருவாரியாகப் புழக்கத்துக்கு வந்தது இதன் பிறகுதான்.

நம் நாட்டில் விற்கும் பெட்ரோல் கார்களிலும் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிக்கலம் உண்டு. ஆனால் டாங்கி அழுத்த சென்சார் எல்லா மாடல்களிலும் இராது. ஆகையால், தம் வண்டியில் அது உண்டா என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்து முதலில் தெரிந்துகொள்ளவேண்டும். டீசல் எளிதில் ஆவியாவதில்லையாதலால், டீசல் டிராக்டர்களிலும் ஜீப்புகளிலும் இவ்வமைப்பு இல்லை.

அமைப்பின் உறுப்புகள்

டாங்கியில் எழும் ஆவி ஒரு குழாய் வழியாகக் கரிக்கலத்துக்குச் செல்கிறது. அக்கலத்தில் விசேஷ முறையில் பக்குவப்படுத்திய கரித்துண்டுகள் நிறைந்திருக்கும். தண்ணீரைச் சுத்தம் செய்யச் சிரட்டைக் கரி பயன்படுவதை நம்மவர் அறிவர். அதைப் போலவே இக்கரியும் தன் நுண்துளைகளில் பெட்ரோல் ஆவியைப் பற்றிவைத்துக்கொள்ளும். இஞ்சின் ஓடும்போது கம்ப்யூட்டர் பர்ஜ் வால்வு என்னும் அடைப்பானைத் திறக்கிறது. இஞ்சினின் உறிஞ்சும் சக்தியால் கரியிலுள்ள ஆவி இஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு எரிந்துபோகிறது. இழுக்கப்பட்ட ஆவிக்கு ஈடாக, வெளிக்காற்று வென்ட் வால்வு என்னும் மற்றொரு வழியாகக் கரிக்கலத்துக்குள் வருகிறது.

இவ்வமைப்பில் எங்கேனும் ஓட்டை இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் இடையிடையே சோதிக்கும். அதற்காக வென்ட் வால்வை மூடி, பர்ஜ் வால்வைத் திறந்து, டாங்கிக்குள் சிறிதளவு காற்றை இழுத்துக் குறைக்கும். பிறகு பர்ஜ் வால்வையும் மூடிவிட்டு, அந்தக் குறைந்த அழுத்தம் நிலைத்து நிற்கிறதா என்று கவனிக்கும். நிலைத்து நின்றால் ஓட்டை இல்லை. சீக்கிரம் ஏறிவிட்டால் எங்கோ காற்று புகுகிறது. உறிஞ்சு குழாயில் காற்று புகுந்தால் பம்பு தண்ணீரைப் பிடித்து நிறுத்தாதென்பது கிணற்றுப் பாசனம் செய்யும் எல்லோருக்கும் தெரிந்ததே. இதுவும் அதே தத்துவந்தான். தொடக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள ஓட்டையையும், 2000-ஆம் வருஷத்தை ஒட்டி வந்த விதிகளின்படி அரை மில்லிமீட்டர் ஓட்டையையும் கண்டுபிடிக்கும்படி இச்சோதனை அமைக்கப்பட்டது. அழுத்தம் நிற்கிறதா ஏறுகிறதா என்பதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது டாங்கி அழுத்த சென்சார்.

சென்சார் அளக்கும் அழுத்தம்

இது மிக நுட்பமான கருவி. நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தம் சுமார் 34 அடி உயரத் தண்ணீரைத் தாங்கக்கூடியது. பம்பை அதற்கு மேற்பட்ட ஆழத்திலிருந்து உறிஞ்சவைக்க முடியாமலிருப்பதன் காரணமும் அதுவே. ஆனால் டாங்கி சோதனையின்போது குறைக்கப்படும் அழுத்தம் 7 முதல் 12 அங்குல உயரத் தண்ணீருக்குச் சமமானது. அதாவது மொத்தக் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு. கார் டயரில் நாம் அடிக்கும் 30 பவுண்டு காற்றோ 830 அங்குலத் தண்ணீருக்குச் சமம். ஆகவே டயருக்குக் காற்றடிக்கும் குழாயை டாங்கி அமைப்பில் வைத்து ஊதினால் சென்சார் உடைவதோடு டாங்கியும் வெடிக்கக்கூடும். அவ்விதம் ஒருபோதும் செய்யலாகாது.

சென்சாருக்குள் மெல்லிய சிலிக்கான் தகடு ஒன்று உண்டு. அதன் ஒரு பக்கத்தில் டாங்கியின் ஆவியும் மற்றப் பக்கத்தில் வெளிக்காற்றும் படும். இரண்டுக்குமுள்ள வித்தியாசத்துக்குத் தக்கபடி தகடு வளைய, அந்த வளைவு மின்சார அளவாக மாறிக் கம்ப்யூட்டரை அடைகிறது. இதற்கு மூன்று கம்பிகள் உண்டு. முதலாவது, கம்ப்யூட்டரிலிருந்து 5 வோல்ட் மின்சாரம் கொண்டுவரும் கம்பி. இரண்டாவது, எர்த் கம்பி. மூன்றாவது, அளவைத் திரும்பக் கொண்டுபோகும் செய்திக் கம்பி. டாங்கியின் உள்ளும் வெளியும் அழுத்தம் ஒன்றாயிருக்கும்போது செய்திக் கம்பியில் சில தயாரிப்புகளில் சுமார் ஒன்றரை வோல்ட்டும், வேறு சிலவற்றில் சுமார் இரண்டரை வோல்ட்டும் இருக்கும். அழுத்தம் குறையும்போது சிலவற்றில் வோல்ட் ஏறும், சிலவற்றில் இறங்கும். ஆகையால் ஒரு வண்டியின் அளவைக் கொண்டு மற்றொரு வண்டியை மதிப்பிடக்கூடாது. அந்தந்த மாடலின் கையேட்டில் கண்ட அளவே பிரமாணம்.

குறி எண்களின் பொருள்

பட்டறையில் மாட்டும் ஸ்கேனர் கருவி ஒரு குறி எண்ணைக் காட்டும். இச்சென்சாரைப் பற்றியவை ஐந்து. பி 0450 என்பது மின்சுற்றில் பொதுவான கோளாறு. பி 0451 என்றால் அளவு வருகிறது, ஆனால் நிலைமைக்குப் பொருந்தவில்லை. பி 0452 என்பது செய்திக் கம்பியின் வோல்ட் மிகத் தாழ்ந்துவிட்டது என்றும், பி 0453 என்பது மிக உயர்ந்துவிட்டது என்றும் பொருள்படும். பி 0454 என்பது விட்டுவிட்டு வரும் கோளாறு. டாங்கி மூடியோ குழாயோ கசிவதைக் குறிக்கும் பி 0442, பி 0455, பி 0456, பி 0457 முதலிய எண்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றைச் சென்சாரின் பழுதாகக் கொள்ளக்கூடாது.

குறி எண்ணை அழிக்குமுன் அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளவேண்டும். குறி விழுந்த சமயத்தில் வண்டியின் வேகம், இஞ்சினின் சூடு முதலியவற்றைக் கம்ப்யூட்டர் பதிந்துவைத்திருக்கும். அவற்றையும் குறித்துக்கொள்வது நல்லது. அழித்த பின் அவை திரும்பக் கிடைக்கமாட்டா.

அபாயத்தைப் பற்றிய எச்சரிக்கை

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. ஆதலால் அது தரையோடு பரவிக் குழிகளிலும் தாழ்ந்த இடங்களிலும் தேங்கும். சற்று தூரத்திலுள்ள அடுப்போ பீடி நெருப்போ அதைப் பற்றவைத்துவிடும். எனவே சோதனை முழுவதையும் திறந்த வெளியில் செய்யவேண்டும். வைக்கோல் போரின் அருகிலும், மாட்டுக் கொட்டகையிலும் செய்யக்கூடாது. பெட்ரோல் குழாய் எதையும் வாயால் உறிஞ்சக்கூடாது. வண்டியருகே பெட்ரோல் நாற்றம் பலமாக வீசினால், இக்கட்டுரையில் கூறிய எந்தச் சோதனையிலும் இறங்காமல், வண்டியை ஓட்டுவதையும் நிறுத்திவிட்டு, தேர்ந்த மெக்கானிக்கை வரவழைக்கவேண்டும். டாங்கியை இறக்கும் வேலையை எப்போதும் பட்டறைக்கே விட்டுவிடுவது உத்தமம்.

சோதனை செய்யும் ஒழுங்கு

முதலாவது, கண்ணால் பார்த்தல். சென்சார் சில வண்டிகளில் டாங்கியின் மேலும், சிலவற்றில் கரிக்கலத்தின் மேல் அல்லது அதற்குப் போகும் குழாயிலும் இருக்கும். அதற்குச் செல்லும் கம்பிகளைக் கைக்கு எட்டியவரை தடவிப் பார்க்கவேண்டும். நெல்லும் தவிடும் வைத்திருக்கும் கொட்டகையில் வண்டி நின்றால் எலி கம்பியைக் கடித்திருக்கலாம். உர மூட்டைகளின் பக்கத்திலும், மாட்டு மூத்திரத்தின் வாடை அடைந்து நிற்கும் இடத்திலும் செம்பு முனைகள் பச்சைக் களிம்பு பிடிக்கும். இணைப்பைக் கழற்றி, முனைகள் வளைந்திருக்கின்றனவா, ஈரமோ களிம்போ உண்டா என்று பார்த்துச் சுத்தம் செய்யவேண்டும். சென்சாரில் வெளிக்காற்று படவேண்டிய சிறு துவாரத்தைச் சேறு அடைத்திருந்தாலும் அளவு பிசகும்.

இரண்டாவது, மூடியைத் திறந்து பார்த்தல். இஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பிவைத்து, டாங்கி மூடியைக் கழற்றவேண்டும். இப்போது டாங்கியின் உள்ளும் வெளியும் ஒரே அழுத்தம். ஸ்கேனரில் அழுத்தம் பூஜ்யத்தையோ அதற்கு மிக நெருங்கிய அளவையோ காட்டவேண்டும். அவ்வாறு காட்டினால் மின்சுற்று பெரும்பாலும் சரியாயிருக்கிறதென்று கொள்ளலாம். ஒரே கோடியில், அதாவது 0 வோல்ட்டை ஒட்டியோ 5 வோல்ட்டை ஒட்டியோ, அசையாமல் நின்றால் கோளாறு மின்சுற்றிலோ சென்சாரிலோ இருக்கிறது. மூடியைத் திறக்கும்போது கேட்கும் சத்தத்தையும் கவனிக்கவேண்டும். வெயிற்காலத்தில் சிறிது ஆவி வெளிவருவது இயல்பு. காற்று பலமாக உள்ளே இழுக்கப்பட்டால் அது இயல்பன்று. அதைப் பற்றிப் பின்னர் சொல்வோம்.

மூன்றாவது, மின்சாரம் வந்து சேருகிறதா என்று அளத்தல். இதற்கு டிஜிட்டல் மல்டிமீட்டர் வேண்டும். பல்பு வைத்த சோதனை விளக்கை உபயோகிக்கக்கூடாது. அது இழுக்கும் மின்சாரம் கம்ப்யூட்டரைக் கெடுத்துவிடக்கூடும். இணைப்பைக் கழற்றிச் சாவியைத் திருப்பியபின், 5 வோல்ட் கம்பிக்கும் எர்த் கம்பிக்கும் இடையே அளந்தால் 4.8 முதல் 5.2 வோல்ட் வரை இருக்கவேண்டும். இல்லையெனில், அதே 5 வோல்ட் கம்பிக்கும் வண்டியின் இரும்பு உடலுக்கும் இடையே அளக்கவேண்டும். அங்கு 5 வோல்ட் கிடைத்தால் எர்த் கம்பி அறுந்திருக்கிறது. அங்கும் கிடைக்காவிட்டால் 5 வோல்ட் கம்பியில் கோளாறு. பல வண்டிகளில் ஒரே 5 வோல்ட் வழி வேறு சென்சார்களுக்கும் பொதுவாயிருக்கும். அவற்றிலொன்று ஷார்ட் ஆனாலும் இங்கு மின்சாரம் இல்லாமற்போகும். ஆகவே வேறு குறி எண்களும் சேர்ந்து விழுந்திருந்தால் அவற்றையும் பார்க்கவேண்டும்.

நான்காவது, செய்திக் கம்பியைச் சோதித்தல். இணைப்பு கழன்றபடியே இருக்க, பியூஸ் வைத்த சிறு கம்பியால் 5 வோல்ட் முனையையும் செய்தி முனையையும் சேர்த்தால் ஸ்கேனரில் சுமார் 5 வோல்ட் காணவேண்டும். பின்பு அதை எடுத்துவிட்டு, செய்தி முனையை எர்த் முனையோடு சேர்த்தால் சுமார் 0 வோல்ட் காணவேண்டும். இவ்விரண்டும் சரியாக வந்தால் கம்பிகளும் கம்ப்யூட்டரும் பழுதற்றவை. அப்பொழுதுதான் சென்சார்மீது சந்தேகம் கொள்ள நியாயம் உண்டு. வராவிட்டால், புதுச் சென்சார் எத்தனை வாங்கிப் போட்டாலும் விளக்கு அணையாது. சேர்க்கும் முனைகள் எவை என்பதைக் கையேட்டின் படத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொண்டே இதைச் செய்யவேண்டும்.

ஐந்தாவது, அசைத்துப் பார்த்தல். கோளாறு விட்டுவிட்டு வருமாயின், இணைப்பைத் திரும்ப மாட்டி, ஒருவர் ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டிருக்க மற்றொருவர் கம்பியைச் சாண் சாணாக மெதுவாய் அசைத்துக்கொண்டு போகவேண்டும். எந்த இடத்தில் அளவு துள்ளுகிறதோ அங்கேதான் முறிவு இருக்கிறது.

ஆறாவது, அளவு உண்மையா என்று ஒப்பிடுதல். பி 0451 விழுந்தபோது இது அவசியம். இதற்கு ஏற்ற கருவியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். கண்ணாடிபோல் தெளிவான பிளாஸ்டிக் குழாயை எழுத்து 'ப'வைப்போல் வளைத்துப் பலகையில் கட்டி, பாதியளவு வண்ணத் தண்ணீர் ஊற்றி, அங்குல அளவுகோல் ஒன்றை நடுவில் வைத்தால் அதுவே அழுத்தமானி. இரண்டு பக்கத்துத் தண்ணீர் மட்டங்களுக்குமுள்ள உயர வித்தியாசமே அழுத்தம். கழற்றிய சென்சாரைக் கம்பி இணைப்போடு வைத்துக்கொண்டு, அதன் ஆவித் துவாரம், இந்தத் தண்ணீர்க் குழாய், கையால் இழுக்கும் சிறு காற்றுப் பம்பு ஆகிய மூன்றையும் ஒரு மும்முனைக் குழாயால் இணைக்கவேண்டும். 5 அங்குலம், 8 அங்குலம் என்று மெதுவாக இழுத்து, ஸ்கேனர் காட்டும் அளவும் அதனோடு ஒத்துவருகிறதா என்று பார்க்கவேண்டும். 10 அங்குலத்துக்கு மேல் இழுக்கவேண்டியதில்லை. தண்ணீர் சென்சாருக்குள் ஏறிவிடாதபடி குழாய் போதிய உயரமுள்ளதாய் இருக்கட்டும்.

ஓர் உதாரணம்

ஒருவருடைய வண்டியில் பி 0453 விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். மூடியைத் திறந்தபின்னும் ஸ்கேனர் 4.9 வோல்ட்டில் அசையாமல் நிற்கிறது. இணைப்பைக் கழற்றி அளந்தால், 5 வோல்ட் கம்பிக்கும் வண்டி உடலுக்கும் இடையே 5 வோல்ட் இருக்கிறது. அதே கம்பிக்கும் எர்த் கம்பிக்கும் இடையே ஒன்றுமில்லை. எனவே எர்த் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. எர்த் இல்லாதபோது, சென்சாருக்கு வந்த 5 வோல்ட்டும் இறங்க வழியில்லாமல் செய்திக் கம்பியில் அப்படியே தோன்றும். அதனால்தான் அளவு மிக உயர்ந்ததாகக் குறி விழுந்தது. கம்பியைப் பின்பற்றிச் சென்றால், பின் ஆசனத்தின் கீழ் எலி கடித்த இடம் கிடைக்கிறது. அதைப் பற்றவைத்து மூடிக் கட்டினால் வேலை முடிந்தது. அளக்காமல் சென்சாரை மாற்றியிருந்தால், டாங்கி இறக்கிய கூலியும் சென்சாரின் விலையும் வீணாகியிருக்கும். அறுந்த கம்பியோ அறுந்தபடியே இருந்திருக்கும்.

சென்சார் உண்மையே சொல்லும்போது

மேற்கண்ட சோதனைகளில் யாவும் சரியாயிருந்து, மூடியைத் திறந்ததும் அளவு பூஜ்யத்துக்கு வந்து, மூடி ஓட்டியபின் மறுபடி கோடிக்குப் போகிறதென்றால், சென்சார் சொல்வது மெய்யென்று கொள்ளவேண்டும். டாங்கிக்குள் உண்மையாகவே அழுத்தம் மிகக் குறைந்திருக்கிறது. இதற்குக் காரணங்கள் பெரும்பாலும் இரண்டு. பர்ஜ் வால்வு மூடாமல் திறந்தபடி நின்றுவிட்டிருக்கலாம். அல்லது வெளிக்காற்று உள்ளே வரும் வென்ட் வழி அடைபட்டிருக்கலாம்.

இரண்டாவது காரணத்துக்குப் பலரும் அறிந்த ஒரு சம்பவம் உண்டு. 2011-ஆம் வருஷம் மாஸ்டா நிறுவனம், வட அமெரிக்காவில் விற்ற சுமார் 65,000 மாஸ்டா 6 கார்களைப் பரிசோதனைக்குத் திரும்ப அழைத்தது. ஒருவகை மஞ்சள் சிலந்தி, பெட்ரோல் வாடையால் கவரப்பட்டு, கரிக்கலத்தின் வென்ட் குழாயில் புகுந்து வலை பின்னியிருந்ததே காரணம். வழி அடைபட்டதும் வெளிக்காற்று வர இயலவில்லை. இஞ்சினோ ஆவியை இழுத்துக்கொண்டே இருந்தது. அதனால் டாங்கிக்குள் அழுத்தம் அளவுக்கு மீறிக் குறைந்து, டாங்கி நெரிபட்டு விரிசல் கண்டு பெட்ரோல் கசியவும் தீப்பிடிக்கவும் இடமுண்டென்று கண்டார்கள். சிலந்தி புகாதபடி குழாயில் ஒரு சுருள் கம்பி வைக்கப்பட்டது. அதற்குப் பிறகும் 2014-ஆம் வருஷத்தில், இதே காரணத்துக்காக மேலும் 42,000 கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. அம்முறை, அழுத்தம் அளவுக்கு மீறிக் குறையாதபடி கம்ப்யூட்டரின் கட்டளைகளும் திருத்தப்பட்டன.

கரையான், குளவி, எறும்பு முதலியவை நிறைந்த நம் ஊர்ப்புறங்களில் பல நாள் ஓடாமல் நிற்கும் வண்டிகளுக்கும் இவ்வித அடைப்பு நேரக்கூடும். மண் ரஸ்தாவின் புழுதியும் வென்ட் வழியை அடைக்கும். ஆகவே, இத்தகைய சமயத்தில் சென்சாரைக் குறைகூறி அதை மாற்றுவதும், விளக்கு எரிவதைப் பொருட்படுத்தாமல் ஓட்டுவதும் ஒருங்கே தவறு. முன்னது பணத்துக்குக் கேடு. பின்னது உயிருக்கே கேடு விளைவிக்கக்கூடும். உண்மையில் சென்சார் கெட்டிருந்தாலுங்கூட வண்டி வழக்கம்போல் ஓடும். ஆனால் கசிவுச் சோதனை நடவாததால், நாளைக்கு ஓர் ஓட்டை ஏற்பட்டால் அதை அறிவிப்பார் இரார். ஆகையால் பழுது எதுவாயினும் அதைத் தள்ளிப்போடலாகாது.

பழுது பார்த்த பின்

குறி எண்ணை அழித்துவிட்டு வண்டியைச் சில நாள் ஓட்டிப் பார்க்கவேண்டும். மின்சுற்றின் கோளாறு தீராதிருந்தால் குறி சீக்கிரமே திரும்ப விழும். கசிவுச் சோதனையைக் கம்ப்யூட்டர் எப்போதும் செய்வதில்லை. டாங்கி முழுவதும் நிறைந்திருந்தாலும், வெகுவாகக் காலியாயிருந்தாலும் அது சோதிக்காது. இஞ்சின் ஆறியிருந்து பின் ஓடத் தொடங்கும் சமயமும் அதற்கு வேண்டும். ஆகையால் டாங்கியைப் பாதியளவு வைத்துக்கொண்டு, காலையில் ஆறிய இஞ்சினோடு புறப்பட்டு ஓட்டுவது சோதனை முடிவதற்கு உதவும்.

இனி இப்பழுது வராமலிருக்கச் செய்யவேண்டியவை சில. பெட்ரோல் போடும்போது பங்கின் கைப்பிடி தானாக நின்றபின் மேலும் பிடிக்கச் சொல்லக்கூடாது. மிஞ்சிய பெட்ரோல் திரவமாகவே கரிக்கலத்துக்குள் புகுந்து கரியைக் கெடுத்துவிடும். மூடியைச் சத்தம் கேட்கும்வரை திருகி மூடவேண்டும். வண்டி நிற்கும் கொட்டகையில் தவிடு, நெல் முதலியவற்றைச் சிந்தவிடாமல் எலியை ஒழிக்கவேண்டும். சேற்றில் ஓட்டிவந்தபின் வண்டியின் அடிப்புறத்தைக் கழுவலாம். ஆனால் வேகமாய்ப் பீச்சும் தண்ணீரைச் சென்சாரின் இணைப்பிலும் வென்ட் வழியிலும் நேராக விடக்கூடாது.

இறுதியாக ஒன்று. பட்டறைக்காரர் எல்லோரும் வேண்டுமென்றே ஏமாற்றுகிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. குறி எண்ணில் சென்சாரின் பெயர் வருவதைக் கண்டு அவர்களும் மயங்குவதுண்டு. ஆதலால், டாங்கியை இறக்கச் சம்மதிக்குமுன் நான்கு அளவுகளை ஒரு தாளில் எழுதித் தரும்படி கேட்கவேண்டும். அவை, விழுந்த குறி எண், மூடியைத் திறந்தபோது ஸ்கேனர் காட்டிய அளவு, இணைப்பில் வந்து சேரும் வோல்ட், செய்தி முனையை 5 வோல்ட்டோடும் எர்த்தோடும் சேர்த்தபோது கண்ட அளவுகள் என்பன. தொழில் தெரிந்தவருக்கு இவற்றை எடுக்க வெகுநேரம் பிடிக்காது. பொது வண்டிகளைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் கிராம அதிகாரிகளும், பழுதுச் செலவை அனுமதிக்குமுன் இத்தாளைப் பார்த்து, பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்வது நலம். அளவுகள் எழுதப்பட்டிருந்தால் விளக்கு மறுபடி எரிந்தாலும் எங்கே தவறு நேர்ந்ததென்று கண்டுகொள்ளலாம். அளவுகள் இல்லாவிட்டால் முதலிலிருந்தே மறுபடியும் செலவு செய்யவேண்டியதுதான்.